ஆக்சிலேட்டரில் கட்டிய கட்டை

பேச்சியைக் கொன்றது செல்வத்தின் கால் அல்ல. நான்தான்.

எங்கள் மலையூரான சக்குபள்ளத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் என் ஜீப்பை அன்று ஓட்டியவன் செல்வம். எனக்குக் காய்ச்சல், பக்கத்தில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் வலது கால் சற்றுக் குட்டை. எட்டுவதற்காக ஆக்சிலேட்டரில் ஒரு மரக்கட்டையைக் கம்பியால் கட்டி, ரப்பர் சுற்றியிருந்தேன். பிரேக் ஏன் ஆக்சிலேட்டரைவிட உயரமாக இருக்கிறது என்று நீங்கள் யோசித்ததுண்டா? பதறி மிதிக்கும் கால் இரண்டையும் சேர்த்து அழுத்திவிடக் கூடாது என்பதற்காகத்தான். என் கட்டையால் இரண்டும் ஒரே மட்டமாகிவிட்டன... எனக்குப் பழகியிருந்தது. அவனுக்கு?

"மிதி ஒரு மாதிரி இருக்கேண்ணே" என்றான் செல்வம்.

பின்னால் பேச்சியும் மற்றத் தோட்டப் பெண்களும் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதுபட என் காலைப் பற்றிப் பேச வெட்கம்.

"பழைய வண்டி. ஓட்டு, சரியாயிரும்."

இறக்கத்தில் மூடுபனிக்குள்ளிருந்து லாரி ஒன்று எதிரே வந்தது. செல்வம் பிரேக்கை மிதித்தான். என்ஜின் அலறியது. நிற்க வேண்டிய வண்டி சாலையைத் தாண்டி ஏலச்செடிகளுக்குள் பாய்ந்து கவிழ்ந்தது.

பேச்சி வண்டிக்கு அடியில் கிடந்தாள். "அண்ணே... தூக்குண்ணே" என்றாள்.

நான் குனிந்தேன். அவளிடம் அல்ல... ஸ்டியரிங்குக்குக் கீழே. கம்பியைப் பிரித்து, கட்டையை உருவி, போர்வைக்குள் சுருட்டினேன். பிறகே அவள் பக்கம் போனேன். அப்போது அவள் கூப்பிடவில்லை.

உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாளா? எனக்குத் தெரியாது. தெரியாமலே சாவேன்.

பிரேக்கில் குறையில்லை என்றார் சோதித்த அதிகாரி. செல்வம் சிறைக்குப் போனான். "பிரேக்கைத்தாண்ணே மிதிச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன், திரும்பி வந்தபோது, "என் காலுதான் மாறி விழுந்திருக்கும்" என்றான். நான் மறுக்கவில்லை.

ஒவ்வொரு வருடமும் பேச்சியின் நினைவு நாளில் செல்வம் அவள் கணவரிடம் மன்னிப்புக் கேட்கப் போவான். தனியாகப் போகப் பயம், என்னையும் அழைப்பான். இந்த முறை அவர் செல்வத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அவ கத்தும்போது நீ உள்ள குனிஞ்சு எதையோ எடுத்தியாமே. அன்னிக்கு வண்டில கூட வந்த பிள்ள இப்பத்தான் சொல்லுச்சு. என்ன எடுத்த?"

நான் வாய் திறக்குமுன் செல்வம் பதில் சொன்னான்:

"அண்ணன் வண்டிய அணைச்சு சாவிய எடுக்கத்தான் குனிஞ்சிருப்பாரு. இல்லேன்னா எல்லாரும் எரிஞ்சிருப்போம்."

அவர் கண்ணை எடுக்கவில்லை. நான் ஆமென்று தலையை ஆட்டினேன்...