அடுப்புக்கு மேல் வைத்த மெழுகுக் கட்டி

காலை ஐந்து நாற்பது. அடுப்பு மூட்ட எழுந்த அக்கா என்னைக் கூப்பிட்டார். முதலில் கண்ணில் பட்டது, பானை மூடியில் வடிந்து உறைந்திருந்த வெள்ளை மெழுகு. அதற்கு நேர் மேலே, விறகு காயவைக்கும் கம்பித் தட்டில், கண்டிக்குக் கொண்டுபோக வேண்டிய உறை இருந்தது.

றொசல்லவுக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், அதே அறையில்தான் அக்கா பிறந்தார். அம்மா இறந்த வருடம் படிப்பை விட்டுக் கொழுந்தெடுக்கப் போனார், என்னைப் படிக்கவைத்தார். ஒரு நாளும் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் பிந்தியதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய இடது இமை இறங்கத் தொடங்கியது.

"என்னா, நின்னுகிட்டே தூங்குறியா?" என்று கங்காணி கேட்டாராம்.

"கண்ணுதாங்க தூங்குது, கை முழிச்சிருக்கு" என்றாராம் அக்கா.

பிறகு கையும் தளர்ந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால், தைமஸ் சுரப்பியில் கட்டி; தசைகள் தளர்வது அதனால்தான் என்றார்கள். ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மெதுவாக வளரும் அரிய கட்டி, வகை தெளிவில்லை என்று எழுதினார்கள். வகை தெரிந்தால்தான் சிகிச்சையை முடிவுசெய்யலாம். மெழுகில் பதித்த துணுக்கைக் கண்டியிலுள்ள நிபுணரிடம் காட்டச் சொன்னார்கள்.

"பேரு தெரியாத நோவுக்கு என்னா மருந்து குடுப்பாங்க தம்பி?" அக்கா திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான்.

அக்கா மறதியாகச் சூட்டில் வைத்துவிட்டார் என்று சாவு வீட்டில் உங்களில் பலர் பேசினீர்கள். அது தவறு. சூடு படக்கூடாது என்று ஆய்வுகூடத்தில் என்னிடம்தான் சொன்னார்கள். நான் அப்போது பத்திரிகைக்குத் தொலைபேசியில் செய்தி கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் உறையைக் கொடுத்தபோது, "நனையாம வச்சிருங்க அக்கா" என்று மட்டும் சொன்னேன். கூரை ஒழுகும் அந்த அறையில் மழைக்காலத்தில் நனையாத இடம் ஒன்றுதான்.

துணுக்கு காய்ந்து சிதைந்துவிட்டதென்று கண்டி நிபுணர் சொன்னார். மீண்டும் எடுக்க நாள் குறித்தார்.

திரும்பும் பஸ்ஸில், "நாந்தான் கெடுத்துட்டேன் தம்பி" என்றார் அக்கா. நான் மறுக்கவில்லை. யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் வருமுன் மூச்சுத் தசைகள் தளர்ந்தன. பதினொரு நாள் இயந்திரம் மூச்சுக் கொடுத்தது. அதன் பின் அக்கா இறந்தார்.

மழையில் அவரை ரோட்டுவரை தூக்கிவந்த லயத்துப் பெண்களுக்கும், அம்புலன்ஸில் கூடவே வந்த கங்காணிக்கும், இறுதிவரை பார்த்த தாதியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கண்டி அறிக்கை முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு தபாலில் வந்தது. கட்டியின் வகை என்ற இடத்தில் 'தீர்மானிக்க முடியவில்லை' என்று எழுதியிருக்கிறது.