அக்கா எழுதிய பயங்கர விடுதி

எண்பது பக்க நோட்டு அது. அட்டையில் சிவப்பு மையால் ‘இரத்த விடுதி’ என்று எழுதி, எழுத்துகளிலிருந்து சொட்டுகள் வடிவதாக அக்கா வரைந்திருந்தாள். நெய்வேலிக் குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்த எழுபதுகளின் கடைசி அது. ஒன்பதாம் வகுப்பு அரையாண்டில் அவள் கணக்கில் தவறியதும், கடலூர்ப் பக்கம் ஒரு விடுதியில் சேர்த்துவிடுவதென்று அப்பா முடிவெடுத்துவிட்டார். அவள் அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். அவர் மசியவில்லை. வேறு வழியில்லாமல் நாவல் எழுதினாள்.

கதையில் நாற்பது சிறுமிகள் ஒரு விடுதியில் அடைபட்டுக் கிடந்தார்கள். வார்டன் போடும் உப்புமாவைத் தின்றால் முதலில் வீட்டு விலாசம் மறக்கும். அப்புறம் அம்மாவின் முகம். கடைசியில் சொந்தப் பெயர். பெயர் மறந்தவளை மாடியறைக்குக் கூட்டிப்போவார்கள். அவள் திரும்புவதில்லை. படித்த பிறகு நான் இரண்டு வாரம் உப்புமாவைத் தொடவில்லை.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் விபத்து நேராமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்புப் பிரிவில் வேலை. முதல் ஷிப்டு முடிந்து வந்தவரின் சாப்பாட்டுத் தட்டருகே அக்கா நோட்டை வைத்தாள். கையில் பென்சிலோடு முழுக்கப் படித்தார். முகத்தில் சலனமே இல்லை. ஓரிடத்தில் மட்டும், “நாற்பது பேருக்கு ஒரே வாசலா? தவறு” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுவாரமே டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினோம். நானும் ஒட்டிக்கொண்டேன்.

விடுதி வார்டன் களைத்த முகமுள்ள, அன்பான அம்மாள். கட்டில்களைக் காட்டினார். அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தன பிள்ளைங்க இருக்காங்க?”

“அறுவது பேருங்க.”

“வேற வாசல்?”

“இது ஒண்ணுதாங்க. நீங்க பயப்படாதீங்க, எப்பவும் பூட்டித்தான் வச்சிருப்பேன். சாவி என் இடுப்புலயே இருக்கும்.”

“நீங்க குளிக்கப் போன நேரத்துல தீப்பிடிச்சா?”

வார்டன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

“என் கதையப் படிச்சுப் பயந்துட்டீங்கதானேப்பா?”

“கதைக்கா? இல்லம்மா. அந்த வாசலுக்கு.”

“என் கதையில வர்ற வார்டனப் பாத்துக்கூடவா பயமா இல்ல?”

“அந்தம்மா பாவம். மூணு ஷிப்டும் ஒரே ஆளா பாக்குது.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விடுதியிலிருந்து தப்பித்த பெண், வீடு வரை அழுதுகொண்டே வந்தாள். எழுதுகிறவர்களின் துக்கம் எப்படிப்பட்டதென்று நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். தேற்றுவதற்காக அவள் காதருகே போய், “எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சுக்கா” என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீ பேசாத. நீ பல்லிக்கே பயப்படுறவ.”