திரையில் ஓடிய அம்புக்குறி

யுத்தம் முடிவதற்கு முந்திய மாரிகாலம். ஊர்காவற்றுறையில் சின்னதாக ஒரு கணினி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை கரம்பொனிலிருந்து ஆள் வந்தது. கடற்றொழில் செய்த ஒரு ஐயா இறந்துவிட்டார். ஒரே மகன் லண்டனில். யுத்தத்தால் பாதை பூட்டியிருந்த காலம்; அவர் நினைத்தாலும் வந்து சேர ஏலாது. தகப்பனின் முகத்தைக் கணினியிலாவது கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். ஊரடங்குக்கு முன் சேமக்காலையில் அடக்கம் முடிந்தாக வேண்டும் என்பதால், பின்னேரமே சவப்பெட்டியை மூடிவிடுவார்கள்.

கணினியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கம்பியில்லாத் தொலைபேசியை ஜன்னலில் கட்டி, அதன் வழியாக இணையம் எடுத்து, கமராவைப் பெட்டிக்கு நேரே வைத்தேன். மகனுடன் பேச அயல்வீட்டாரின் கைத்தொலைபேசி என் காதில்.

“ஒண்டும் தெரியேல்லை அக்கா. கறுப்பாக் கிடக்கு.”

மகனும் கணினி படித்தவர். “நான் இங்கையிருந்தே உங்கட கொம்பியூட்டருக்குள்ள வந்து பாக்கிறன், ஓம் எண்டு குடுங்கோ” என்றார். கொடுத்தேன். சற்று நேரத்தில் திரையில் அம்புக்குறி தானாக அசைந்தது.

பெட்டியருகே அழுதுகொண்டிருந்த அவருடைய அம்மா நிமிர்ந்தார். “உது ஆர் பிள்ளை ஆட்டுறது?”

“உங்கட மகன்தான் அம்மா. லண்டனிலயிருந்து.”

அவர் எழும்பி வந்தார். அம்பு போன இடமெல்லாம் அவருடைய விரலும் கண்ணாடியில் போனது. “என்ர பிள்ளையின்ர கை, என்ர பிள்ளையின்ர கை” என்று தடவினார். நான் காதில் பிடித்திருந்த தொலைபேசி வழியாக அது மகனுக்கும் கேட்டிருக்கும்.

படம் மட்டும் போகவில்லை. திரையின் பின்னணிப் படத்தை நீக்கினேன், நிறங்களைக் குறைத்தேன், தொலைபேசியை வேறு ஜன்னலுக்கு மாற்றினேன். இணைப்பு அறுந்தது, மீண்டும் வந்தது. பங்குச் சுவாமி வந்து அடக்கச் செபத்தைத் தொடங்கிவிட்டார். எனக்குச் சினம் தலைக்கேறியது, இவர் லண்டனில் என்னத்தைப் படித்தார் என்று. அப்போதுதான் கவனித்தேன். ஏற்கனவே சரிபார்த்து மூடிய கமரா அமைப்பையே மகன் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருந்தார்.

கணினியில் பிழையே இல்லை. இணைப்புத்தான் ஒடுக்கம். ஒடுங்கிய ஒழுங்கையில் இரண்டு வண்டில் எதிரெதிரே வந்து நின்ற கதை. ஒன்றில் மகனின் கை இங்கே வரலாம், அல்லது தகப்பனின் முகம் அங்கே போகலாம்.

குசினிப் பக்கம் ஒதுங்கி நின்று மெதுவாகச் சொன்னேன். “தம்பி, நீங்கள் உள்ள நிக்கிறபடியாலதான் படம் வராமல் கிடக்கு. வெளிய போங்கோ, ஐயாவைப் பாக்கலாம்.”

“தெரியும் அக்கா. முதலே தெரியும். அம்மா பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. எப்பிடி விடுறது?” என்றார்.

நான் பெட்டி இருந்த அறைக்கு ஓடிவந்தேன்.

அதற்குள் சனம் அம்மாவைக் கடைசி முத்தம் கொடுக்க அழைத்துப் போனது. “அம்மா திரையை விட்டுப் போயிட்டா தம்பி. இப்ப விடுங்கோ” என்று தொலைபேசியில் சொன்னேன். அம்புக்குறி ஓரமாகப் போய் நின்று, மறைந்தது. படம் மெல்ல மெல்ல நகரத் தொடங்கியது.

“தெரியுதோ?”

“ஓம் அக்கா, தெரியுது.”

“ஐயாவோ?”

“பெட்டியின்ர மூடி.”

திரும்பிப் பார்த்தேன். ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருக்கால் திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். வாசலில் நின்ற ஆண்கள் மங்கிவந்த வெளிச்சத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஊரடங்கில் அகப்பட்டால் பெட்டி தூக்கியவர்கள் வீடு திரும்புவது யார் கையில்? அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். அம்மா போகும்போது திரையை ஒருமுறை தொட்டுப் பார்த்து, “இவன் எங்கை போயிட்டான்?” என்று கேட்டார். தொலைபேசியில் மகன் அழுவது எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை.

இன்றும் தூரத்திலிருந்து பிறர் கணினிகளைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. இணைப்பு மெதுவாக இருந்தால் தேவையில்லாததை மூடச் சொல்வது எங்கள் தொழிலின் முதற்பாடம். ஒருவருக்கு எது தேவையில்லாதது என்று நான் எப்படிச் சொல்வேன் என்ற கேள்வி, அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் என் முன் வந்து நிற்கிறது.