நாளை வாழப்பாடியுடன் மேட்ச்... சண்முகம் அண்ணன் இல்லை

சண்முகம் அண்ணன் இறந்துவிட்டார். இன்று காலை ஆறரை மணிக்கு. மாரடைப்பு.

இந்த நேரத்துக்கு நான் பொங்கல் மேட்ச்களைப் பற்றிய வழக்கமான பதிவைப் போட்டிருக்க வேண்டும். பாதி டைப் செய்து வைத்தது அப்படியே கிடக்கிறது. அழிக்கவும் முடியவில்லை, போடவும் முடியவில்லை...

தெரியாதவர்களுக்கு: மாவட்ட ஃபுட்பால் லீக் இரண்டாம் டிவிஷனில், கடைசிக்கு முந்தின இடத்தில் தத்தளிக்கிற எங்கள் ஆட்டையாம்பட்டி டீமின் ரசிகர் அவர். வேலை, பவர்லூம் ஃபிட்டர். நான் பேக்கிங்கில் இருந்த ஆறு வருஷமும் இருவருக்கும் ஒரே கம்பெனி.

எனக்குச் செய்தி சொன்னது எங்கள் டீம் ஆள் இல்லை. ஓமலூர் டீம் கேப்டன் தினேஷ். அண்ணனைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் அவர் லேப் டெக்னீஷியன்.

"அக்கா, உங்க சண்முகண்ணன் போயிட்டாருங்க" என்றார். அதற்கு மேல் அழுகைதான். போனை வைக்கவும் இல்லை. நானும் வைக்கவில்லை.

என்னை முதன்முதலில் கிரவுண்டுக்குக் கூப்பிட்டவர் அண்ணன்தான். பொம்பளைகள் யாரும் வரமாட்டார்களே என்று இழுத்தேன். "அது பந்துக்குத் தெரியாதுங்க அம்மணி" என்றார்.

போனால், மனுஷன் ஒரு நிமிஷம் உட்காரவில்லை. பந்து போகிற பக்கமெல்லாம் கோட்டுக்கு வெளியே அவரும் நடக்கிறார். ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்கவே நான் பாதி கிரவுண்டு அவர்கூடவே நடக்க வேண்டியிருந்தது.

ஓமலூர்க்காரர் ஏன் அழுதார் என்று சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷம் முன்னால், ஓமலூருடன் சீசனின் கடைசி மேட்ச். ஜெயித்தால் நாங்கள் முதல் டிவிஷனுக்குப் போகலாம். டிரா ஆனாலே ஓமலூர் போய்விடும். முடிய ரெண்டோ மூணோ நிமிஷம் இருக்கையில் எங்கள் கேப்டன் பிரபு அடித்த பந்து வலைக்குள் கிடந்தது. ரெஃப்ரி கோல் கொடுத்துவிட்டார்.

நாங்கள் ஆடித் தீர்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் மட்டும் நேராகக் கிரவுண்டுக்குள் போனார். ரெஃப்ரியைக் கூட்டிப்போய், பக்கவாட்டு வலையில் இருந்த ஓட்டைக்குள் கையை விட்டுக் காட்டினார். "இதுல பூந்துதானுங்க சார் உள்ள வந்துச்சு. நான் இங்கயேதான் நின்னேன்."

கோல் ரத்து. மேட்ச் டிரா. ஓமலூர் மேலே போனது... நாங்கள் இங்கேயே.

டீமில் ஒருத்தரும் அவரிடம் பேசவில்லை. நானும்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது... ஒரே கம்பெனியில், எதிரெதிரே டீ குடித்துக்கொண்டு, பதினொரு நாள் நான் அவரிடம் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். ஆளில்லாத கிரவுண்டில் தனியாக உட்கார்ந்து, நைலான் நூலில் அந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் இறங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவரே வந்தார். "கோவம்னா திட்டிப்போடுங்க அம்மணி. பேசாம இருந்தா எனக்கு வேலையே ஓட மாட்டேங்குதுங்க."

சும்மா இருந்திருக்கலாமே அண்ணா, யாருக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டேன்.

"நான் பாத்துப்போட்டனுங்களே அம்மணி."

அவ்வளவுதான் சொன்னார்.

அதற்கப்புறம் நான் என்ன பதிவு போட்டாலும் முதலில் அவருக்குத்தான் அனுப்புவேன். நேற்று மதியம் போன் செய்தார். "வாழப்பாடி நமக்கு ஈஸி" என்று நான் எழுதியிருந்தேன். அதை எடுக்கச் சொன்னார். அவர்களுடைய லெஃப்ட் விங் பையன் காற்று மாதிரி ஓடுகிறானாம், நம் ரைட் பேக்குக்கு முட்டி இன்னும் சரியாகவில்லையாம்.

மாட்டுப் பொங்கலன்று சங்ககிரி. பத்துப் பேரும் பின்னால் நின்றுகொள்வார்கள், அவசரப்பட்டால் மாட்டுவோம் என்றார். காணும் பொங்கலன்று செவ்வாய்ப்பேட்டை, அவர்கள் கிரவுண்டிலேயே. அதில் ஒரு பாயிண்ட் கிடைத்தால் பெரிசு. மூன்று மேட்சில் நாலு பாயிண்ட் வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் டிவிஷன்...

எல்லாம் கீப்பர் குமாரை நம்பித்தான் இருக்கிறது. போர்வெல் ரிக் வண்டியில் சத்தீஸ்கருக்கு வேலைக்குப் போனவன். ஓனரிடம் பேசி அவனுக்கு லீவு வாங்கிக் கொடுத்ததே அண்ணன்தான். ரயில் எங்கே வருகிறது என்று மணிக்கொரு தடவை கேட்டுக்கொண்டிருந்தார்.

"காலைல இருந்து கையி காலு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதுங்க அம்மணி" என்றார்.

மேட்ச் டென்ஷன் என்று நினைத்தேன். சிரித்தேன். அவரும் சிரித்தார்.

நாளை மேட்ச் உண்டா என்று காலையிலிருந்து இன்பாக்ஸில் கேட்கிறீர்கள். வாழப்பாடிக்காரர்களே போன் செய்து, தேதியைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம், நாங்கள் சம்மதிக்கிறோம் என்றார்கள். பிரபு போய் அண்ணன் மனைவி சரோஜா அக்காவிடம் கேட்டான். அடக்கம் இன்றைக்கே முடிந்துவிடும், நாளை ஆடுங்கள் என்று அக்கா சொல்லிவிட்டார்.

ஆகவே நாளை போகியன்று மதியம் மூன்று மணி, நம் கிரவுண்டு. வருகிறவர்கள் வாருங்கள்.

குமாருக்கு இன்னும் தெரியாது. போன் போகவில்லை, ரயிலில் எங்கோ சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கிறான். ஸ்டேஷனில் கூட்டிக்கொள்ள அண்ணன் வருவார் என்று நினைத்துக்கொண்டிருப்பான். பிரபு போகிறான். என்ன சொல்வான் என்று தெரியவில்லை.

அண்ணன் வீட்டுக்கு மூன்று தடவை கிளம்பினேன், மூன்று தடவையும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இதை டைப் செய்வதற்குள் நாலு தடவை எழுந்துவிட்டேன். மதியத்துக்கு மேல் எடுத்துவிடுவார்களாம். இனி உட்கார நேரமில்லை.

இப்போது பஸ்ஸில் இருக்கிறேன். உங்கள் வீட்டு ஸ்டாப்புக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

வாரேனுங்க அண்ணா.