வேந்தர் கந்தோரின் நாற்பத்தொரு கையெழுத்து

அண்ணன்மாரைக் காக்கா என்று அழைக்கும் சாய்ந்தமருதில், கந்தோர் காக்கா என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். ஷரிபுதீன் என்று கேட்டால் எந்த ஷரிபுதீன் என்று திருப்பிக் கேட்பார்கள். அவர் வேலை பார்த்த அலுவலகமான அந்தக் கந்தோர் ஊரில் இல்லை. மலைநாட்டில், ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தது. இருபத்துமூன்று வயதில் வேந்தருடைய கந்தோருக்குப் பியோனாகப் போனவர். பிறகு அங்குள்ள பழைய கடிதங்களைக் காக்கும் அறை அவர் கைக்கு வந்தது. முப்பத்தொரு வருடம் அங்கே கிடந்து, எண்பத்தோராம் ஆண்டு ஓய்வுபெற்று, மனைவி றாஹிலாவின் சீதன வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஊரில் அவர் பேச்சை யாரும் முழுதாகக் கேட்டதில்லை. மற்றவர்கள் நிலக்காரப் போடியார்மாரின் வயல் வழக்கைக் கதைத்தால், இவர் ஐம்பத்துமூன்றாம் ஆண்டு பட்டமளிப்பில் எந்தப் பேராசிரியர் எந்தக் கதிரைக்குச் சண்டை பிடித்தார் என்று தொடங்குவார். வேந்தர் பச்சை மையில்தான் கையொப்பம் வைப்பார், மாடு புல்தரையில் மேய்ந்ததற்கு எட்டுக் கடிதம் போனது, அந்த எட்டும் எந்தத் தட்டில் இருக்கிறது என்று இப்போதும் தெரியும் என்பார். கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும். அவருக்குப் பெருமை வரும். அந்தப் பெருமைதான் அவரைக் கெடுத்தது என்று நான் சொல்வேன். ஊரில் வேறு மாதிரியும் சொல்கிறார்கள்.

எண்பத்துநாலாம் ஆண்டு ஆவணியில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ஐம்பதுகளில் இருந்த வேந்தரின் நிர்வாகக் கடிதக் கோவைகள் மழை ஒழுகும் அறையில் கிடக்கின்றன, மூன்று மாதம் வந்து ஒழுங்குபடுத்தித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். றாஹிலா வேண்டாம் என்றாள். நாடு கிடந்த கிடையில் கண்டி பஸ்ஸில் ஏறுவதற்கே ஆட்கள் யோசித்த காலம். கல்முனைச் சந்தியில் இராணுவ ஜீப் நின்றால் கடைக்காரர்கள் பாதிக் கதவைச் சாத்தினார்கள். ஷரிபுதீன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு உடுப்புப் பெட்டியை இறக்கினார்.

போய் இரண்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பூஞ்சணம் பிடித்த கடுதாசிகளை வெயிலில் காயவைத்து, இலக்கம் போட்டு, பெரிய பதிவேடு ஒன்றில் எழுதிக்கொண்டு வந்தார். பிறகு ஒரு வியாழக்கிழமை வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். கொழும்பிலிருந்து வருகிறாராம், எந்தக் கந்தோர் என்று சொல்லவில்லை. பதிவேட்டைக் கேட்டார், விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார், ஓரிடத்தில் விரல் நின்றது.

“மாணவர் கிளர்ச்சி, ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தாறு, இரகசியம்,” என்று வாசித்தார். “கிழக்கு மாகாணப் பிள்ளைகளா?”

“பாத்துத்தான் சொல்லோணும் ஐயா.”

“திங்கட்கிழமை மேசையில் இருக்கட்டும்.”

 வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, இரகசியம் என்றிருந்ததால் அதுவரை பிரிக்காமல் இலக்கம் மட்டும் போட்டிருந்த கோவையை ஷரிபுதீன் இறக்கித் திறந்தார். உள்ளே இருந்தது ஒரே ஒரு கடிதம். எங்கள் தாய் தகப்பனுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும், ஆகவே வீட்டுக்கு அனுப்பும் தவணை அறிக்கையைத் தமிழிலும் எழுதித் தந்தால் நல்லது என்று வேந்தரைக் கேட்டு, நாற்பத்தொரு மாணவர் ஊரும் பேரும் எழுதிக் கையொப்பம் வைத்திருந்தார்கள். அவ்வளவுதான். அந்நாளில் வேந்தருக்கு ஒரு காரியதரிசி இருந்தார். இரண்டு பேர் சேர்ந்து குடை பிடித்தாலே கிளர்ச்சி என்று எழுதுகிற மனிதர். தலைப்பை எழுதியது அவர்தான்.

முதல் கையொப்பம் குணரெத்தினம், திருக்கோவில்.

அந்தப் பெயரைக் கண்டதும் ஷரிபுதீன் கதிரையில் இருந்துவிட்டார். மாணவனாக இருந்த காலத்தில் குணம் அவருடைய அறைக்கு வந்துதான் ஊர்க் கருவாட்டுக்கறி சாப்பிடுவான். விடுமுறைக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். எழுபத்தெட்டுச் சூறாவளியில் றாஹிலாவின் வீட்டுக் கூரை பறந்தபோது, விழுந்து கிடந்த தென்னைகளைத் தாண்டிச் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு மூன்றாம் நாள் வந்து கூரைக்கு ஓலைக் கிடுகு கட்டிக் கொடுத்தவனும் அவன்தான். இப்போது திருக்கோவில் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமை ஆசிரியர், மூன்று பெண் பிள்ளைகள். சந்தேகத்தில் தமிழரை அள்ளிக்கொண்டு போகும் இந்த நாளில் ‘கிளர்ச்சி’ என்ற தலைப்பின் கீழ் அவன் பெயர் கொழும்புக்குப் போனால் என்ன நடக்கும் என்று ஷரிபுதீனுக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

கோவையை உடுக்கும் சாரனுக்குள் சுற்றிப் பையில் வைத்தார். அறையைப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்தார். சனிக்கிழமை காலை கல்முனை பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மகியங்கனையில் பஸ் நின்று, எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். பையைத் திறந்த சிப்பாய்க்குச் சாரனும் பேரீச்சம்பழமும் போதுமாக இருந்தது, மூடிவிட்டான். திரும்ப ஏறி இருக்கையில் சாய்ந்தபோதுதான் அவருக்குத் தன் கை செய்த வேலை நினைவு வந்தது.

அந்த அறையில் ஒரு சட்டம் உண்டு. கோவையை எடுத்தால் அதே இடத்தில் சிவப்புச் சீட்டு ஒன்றைச் செருக வேண்டும். எடுத்தவர் பெயர், தேதி, யாருடைய விடயமாக என்று மூன்று கட்டம். கட்டம் காலியாக இருந்தால் பேராசிரியராக இருந்தாலும் அவர் திருப்பி அனுப்பிவிடுவார். திருடும்போதும் அவர் சீட்டு எழுதிச் செருகிவிட்டுத்தான் வந்திருந்தார். களவெடுத்த வீட்டில் விலாசம் எழுதி வைத்துவிட்டு வந்த கள்வனை உலகத்தில் யார் கண்டிருக்கிறார்கள்? தன் பெயரை எழுதியது நினைவிருந்தது. தேதி போட்டதும் நினைவிருந்தது. மூன்றாம் கட்டத்தில் என்ன எழுதினார் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவசரத்தில் விட்டிருப்பேன் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். திரும்பிப் போகலாமா என்றும் பார்த்தார். ஆனால் அறைச் சாவி திங்கள்தான் கிடைக்கும், அதற்குள் அந்தச் சிப்பாயைத் திரும்பவும் தாண்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் றாஹிலாவிடம் சொன்னார். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

“அடுப்புல வைங்க. இப்பவே வைங்க.”

“முப்பத்தொரு வருசத்துல ஒரு துண்டக் கிழிச்சதில்ல, றாஹிலா.”

“அப்ப குணம் மாஸ்டர்ர உசிரக் கிழிக்கப் போறீங்களா?”

அவர் கோவையை அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் வைத்தார், பிறகு எடுத்துக் கூரை வளைக்குள் செருகினார், பிறகு அங்கிருந்தும் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதுதான் வேலை. தெருவில் லொறி போனாலும் எழுந்து யன்னலுக்குப் போனார்.

“திருக்கோவிலுக்குப் போய் மாஸ்டரிட்ட ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாங்களன்,” என்றாள் றாஹிலா. “எங்கயாச்சும் கொஞ்ச நாளைக்கு இரிக்கட்டும்.”

“என்னத்துக்கு அந்த மனிசனச் சும்மா பயப்படுத்துற? கடுதாசி இல்லாட்டிப் பேரும் இல்ல. எனக்குத் தெரியாதா கந்தோர்ப் புத்தி?”

அவருக்குத் தெரியும்தான். அந்தக் கந்தோரைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவால் போன பிறகு, அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தலை இறக்கிவிட்டுக் கடிதத்தை வைத்தார். பழைய கடுதாசி, சட்டென்று பிடித்துக்கொண்டது. வேந்தரின் பச்சை மைக் கையொப்பம் கடைசியாகத்தான் கருகியது. ‘ஆவன செய்க’ என்று அவர் ஓரத்தில் எழுதியிருந்ததும் அதோடு போனது. ஷரிபுதீன் வாய்விட்டு அழுதார். பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய் அடக்கியபோதுகூட இப்படி அழவில்லை என்று றாஹிலா பின்னால் சொன்னாள். ஆனால் மத்தியானம் அவர் வயிறாரச் சாப்பிட்டார். குணத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்த அந்த இரண்டு நாளும் அவருக்கு நிம்மதியாகவே இருந்தது.

புதன்கிழமை பகல் லுஹர் தொழுதுவிட்டு வரும்போது வாசலில் ஜீப் நின்றது. அதே வெள்ளைச் சட்டைக்காரர். கதிரையில் இருக்கச் சொன்னதும் இருந்தார், தேத்தண்ணியையும் குடித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சிவப்புச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

மூன்றாம் கட்டத்தில் ஷரிபுதீனின் முத்து முத்தான கையெழுத்து. குணரெத்தினம், திருக்கோவில்.

“பட்டியலில் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியாது,” என்றார் வந்தவர். “இந்த ஒருவரைத்தான் தெரியும். அதுவும் நீங்கள் சொல்லித்தான். கடிதத்தில் என்ன இருந்தது?”

“தவணை அறிக்கையத் தமிழ்லயும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தாங்க ஐயா. நாப்பத்தொரு பேர். வேற ஒண்டுமில்ல. சான்சலரும் ஓம் எண்டுதான் எழுதியிரிக்கார்.”

“காட்டுங்கள்.”

ஷரிபுதீன் அடுப்படிப் பக்கம் பார்த்தார். றாஹிலா முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

“எரிச்சிட்டன்,” என்றார்.

வந்தவர் கோபப்படவில்லை. “ஒன்றுமில்லாத கடிதத்தை யார் எரிப்பார்?” என்று கேட்டுவிட்டு எழுந்தார். ஜீப் பிரதான தெருவில் ஏறித் தெற்கே திரும்பியது. அக்கரைப்பற்று பஸ் வர அரை மணி நேரம் ஆனது. ஷரிபுதீன் அக்கரைப்பற்றில் மாறித் திருக்கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பள்ளிக்கூட வாசலில் ஆசிரியர்கள் கூட்டமாக நின்றார்கள். குணத்தின் சைக்கிள் மாமர நிழலில் பூட்டியபடி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குணத்தின் மனைவி மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு சாய்ந்தமருதுக்கு வந்தாள். நாலு நாளாக இராணுவக் காம்ப் வாசலில் நின்ற கால்கள் வீங்கியிருந்தன. றாஹிலா பாய் விரித்தாள். அவள் இருக்கவில்லை.

“காக்கா, இவர விசாரிக்கிற காம்ப் பெரியவரக் கண்டு கதைச்சன். நல்ல மனிசன் போல கிடக்கு. அந்தப் பழைய கடிதத்தில ஒண்டுமில்ல எண்டு இவர் சொல்றாராம். அதக் கொண்டுவந்து காட்டினா இண்டைக்கே விடுறன் எண்டார்.” அவள் மூச்சு வாங்கினாள். “நீங்க எழுதின சீட்ட இவருக்குக் காட்டினவங்களாம். கடிதம் உங்களிட்டத்தான் இருக்கெண்டு இவர் சொல்லியனுப்பினவர். காக்கா ஒரு துண்டும் துலைக்க மாட்டார், போய் வாங்கிட்டு வா எண்டு.”

ஷரிபுதீன் அவளுக்கு முன்னால் நின்றார். மகள் கடிதத்தை வைப்பதற்கென்று ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்திருந்தாள். மழை வந்தாலும் நனையாதபடி அதன் வாயை இரண்டாக மடித்துப் பிடித்திருந்தாள்.