மரத்த வாயும் என் கிணற்றுத் தண்ணீரும்

இன்று காலை திருத்தணியில் பல் டாக்டரிடம் போனேன். ஈறில் சீழ் கட்டி, மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. துணைக்கு என் அக்காள் புருஷன், எங்கள் பாவா, வந்தார்.

பாவாவின் கிணறு வற்றிவிட்டது. அவர் நெல்லுக்கு என் கிணற்றிலிருந்து தண்ணீர் விடச் சொல்லி ஒரு மாதமாகக் கேட்கிறார். என் கிணற்றிலும் அவ்வளவாக இல்லை. நான் பிடிகொடுக்கவில்லை.

டாக்டர் ஈறைப் பஞ்சால் துடைத்து, பட்டணத்திலிருந்து வந்த ஒரு களிம்பைத் தடவினார்.

"மரத்துடும். கத்தி வெக்கிறதே தெரியாது."

தெரியவில்லைதான். ஈறோடு சேர்ந்து நாக்கும் மரத்துவிட்டது.

டாக்டர் கத்தியை எடுத்து, "வாயை நல்லா தொறந்து ஆங் சொல்லுங்க" என்றார்.

அதே நேரத்தில் பாவா குனிந்து, "நாளைக்குத் தண்ணி வுடறியா மச்சான்?" என்றார்.

"ஆங்" என்றேன்.

"டாக்டர், நீங்களும் கேட்டுகினுதானே இருந்தீங்க?"

"கேட்டேன்" என்றார் டாக்டர், சீழைத் துடைத்தபடி.

இல்லை என்று சொல்லப் பார்த்தேன். அதுவும் ஆங் என்றுதான் வந்தது.

திரும்பும்போது கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் பாவா எல்லாரிடமும் சொல்லிவிட்டார். கனகம்மாசத்திரத்தில் இறங்குவதற்குள் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. ஆனால் ரோட்டோரம் அவர் பயிர் மஞ்சளாய் நின்றது.

விடிந்ததும் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கப் போகிறேன்.

மரத்த வாயால் கொடுத்த வாக்கு செல்லுமா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். செல்லாது என்றால் பாவாவுக்குத் தெரிய வேண்டாம்.