டங்கன் அடிக்கும் விசில்

சிட்னியின் பென்டில் ஹில்லில் பலசரக்குக் கடை நடத்திவந்த ருஷ்தி, ஐம்பது வயதில் கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு, நகருக்கு வெளியே பத்து ஏக்கர் நிலமும் பதினான்கு ஆடுகளும் வாங்கினார். பக்கத்துப் பண்ணை டங்கனுடையது. ஸ்கொட்லாந்தில் செம்மறி மேய்த்து வளர்ந்தவர் அவர்.

ருஷ்தி எவ்வளவு கூப்பிட்டாலும் அவருடைய ஆடுகள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. டங்கன் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தால் போதும், பதினான்கும் வேலியோரம் ஓடிப்போய் நிற்கும். தீனி போடுவது யார், குளம்பு வெட்டிவிடுவது யார்? ருஷ்திக்கு வயிறு எரிந்தது.

"அந்தாள் ஒளிச்சு ஏதோ தின்னக் குடுக்கிறார்," என்றார் மனைவி ரைஹானாவிடம்.

"ஆட்டுக்காகப் பொறாமைப்படுற ஆள இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்று அவள் சிரித்தாள்.

ஒரு மாதம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ருஷ்தி விசில் பழகினார். பிறகு ஒருநாள் மத்தியானம் புல்வெளியில் நின்று பலமாக ஊதினார். ஆடுகள் அசையவில்லை. டங்கனின் நாய்தான் வேலியைத் தாண்டிப் பறந்து வந்து, அவர் காலடியில் குந்தி, அடுத்த கட்டளைக்காக முகத்தையே பார்த்தது.

வேலிக்கு அப்பால் நின்று டங்கன் தொண்டை கிழியக் கூப்பிட்டார். அது திரும்பவே இல்லை. அவர் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது.

"என் நாயைக் கெடுத்துவிட்டாயே!" என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

ருஷ்தி அதன் தலையைத் தடவக் கை நீட்டினார். தொழப் போகவேண்டும், நாயின் ஈரம் பட்டால் சுத்தம் போய்விடும் என்பது நினைவுக்கு வர, கையை இழுத்துக்கொண்டார். ஆனால் நாயைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை.